பிள்ளைத் தொகை போதாதாம்!

தோட்டத் தொழிலாளர் சகோதர சகோதரிகளே,

"உங்கள் பக்கத்தில் பிள்ளைகளே போதாது, உயர்தர விஞ்ஞானப் பிரிவு எதற்கு?" போன மாதம் ஓர் அலுவலகத்தில் எங்களிடம் இப்படித்தான் கேட்டார்கள். உட்காரச் சொல்லாமலே கேட்டார்கள், அது வேறு கதை.

பிள்ளைகள் ஏன் போதாது? சிலாபத்திலிருந்து முந்தல், பாலாவி வரை தென்னந்தோட்டங்களுக்கு நடுவே உள்ள தமிழ்ச் சிறு பாடசாலைகளைப் பாருங்கள். 1ஏபி பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். இரண்டாம் வகை தரம் 11 உடன் முடியும், மூன்றாம் வகை அதற்கும் முன்னால். லயத்துப் பிள்ளைகள் அநேகம் பேர் கடைசி இரண்டில்தான் படிக்கிறார்கள். கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனால் பதிலுக்கு ஆள் வருவதில்லை. வசதியுள்ளவர்கள் பிள்ளையை பஸ் ஏற்றி டவுனுக்கு அனுப்புகிறார்கள். தொகை குறைகிறது. தொகை குறைந்ததைக் காட்டியே அடுத்த ஆசிரியரையும் மறுக்கிறார்கள். தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிட்டு, மரம் காய்க்கவில்லை என்று வெட்ட வருகிறார்கள்.

சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு 'ஏ' எடுத்த எங்கள் மகள் ஒருத்தி இன்று தும்பு மில்லில் அம்மாவோடு நிற்கிறாள். கலைப் பிரிவு தாழ்வு என்று சொல்லவில்லை, நாங்களும் அதைப் படித்து வந்தவர்கள்தான். ஆனால் எதைப் படிப்பது என்று அவள் தெரிவு செய்திருக்க வேண்டும், பஸ் கட்டணம் அல்ல.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் புத்தளமும் இருக்கிறது. நமது பின்தங்கலை அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது! ஆனால் விஞ்ஞான வகுப்பே இல்லாத பிள்ளை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் எப்படி விண்ணப்பிக்கும்? புத்தளத்தின் பெயரால் வரும் இடம் லயத்து வாசலுக்கு வருவதே இல்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் கம்பனிகளின் கையில்தான் இருந்தன. 1970களில்தான் அரசு பொறுப்பேற்றது. பாட்டன்மார் இழந்த அந்த வருடங்களுக்கு யாரும் வட்டி தரவில்லை.

பெரிய கட்டடம் கேட்கவில்லை. அருகருகே உள்ள நான்கு பாடசாலைகளுக்குச் சேர்த்து ஓர் இடத்தில் ஆய்வுகூடமும் உயர்தர வகுப்பும், பிள்ளைகளுக்கு பஸ் சீசன் டிக்கட், கீழ் வகுப்புகளுக்குச் சுற்றிவரும் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள். அவர்கள் 'இணைப்பு' என்றால் சிறு பள்ளியைப் பூட்டுவது. நாங்கள் கேட்பது அதுவல்ல.

ஒன்றை மறைக்கக் கூடாது. பறிப்பு நாளில் தேங்காய் பொறுக்கப் பிள்ளையைக் கூட்டிப் போகும் வீடுகள் நம் சங்கத்திலும் உண்டு. அந்த அலுவலகத்தில் வரவுப் பதிவேட்டைத்தான் எடுத்து முன்னால் போட்டார்கள். எங்களுக்கு வாய் வரவில்லை. துரையிடம் சம்பளத்துக்காகச் சண்டை போடுவோம், ஆனால் பிள்ளையின் பள்ளி நாளை விற்க வேண்டாம்.

தரம் 10, 11 படிக்கும் பிள்ளைகளில் யார் யார் விஞ்ஞானம் படிக்க விரும்புகிறார்கள் என்று எழுதி, சம்பள நாளுக்கு முன் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். அந்தப் பட்டியலோடுதான் மறுபடியும் போகிறோம். பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள்.