வலியின் சாட்சியம்

சென்ற மாசி மாதத்து இரவொன்றில், உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழிந்ததும், வலது விலாவின் அடியில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, படுக்கவும் நிற்கவும் மாட்டாமல் என் தமக்கையார் கட்டில் ஓரத்தில் அமர்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. அல்ட்ராசவுண்டில் கல் ஏதும் தென்படவில்லை. ஆயினும் ஹைடா ஸ்கேன் என்னும் பரிசோதனையில், பித்தப்பை தன்னிடமுள்ள பித்தநீரில் 31 சதவீதத்தையே வெளியேற்றுகிறது என்று அறிக்கை வந்தது. "வேலை செய்யாத பை இருந்தென்ன, எடுத்துவிடுங்கள்" என்றார் உறவினர் ஒருவர்; "ஆண்டவன் கொடுத்த அவயவத்தை அறுப்பதா?" என்று பதறினார் இன்னொருவர்.

இவ்விரு அபிப்பிராயங்களும் விஷயத்தின் மையத்தைத் தொடவில்லை என்பதே என் துணிபு. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அதைச் சேமித்துச் செறிவாக்கி, கொழுப்புள்ள உணவு குடலை அடையும் வேளையில் சுருங்கிச் செலுத்துவது பித்தப்பையின் தொழில். ஆகவே பை போனாலும் பித்தநீர் நின்றுபோவதில்லை. 1882ஆம் ஆண்டு பெர்லினில் கார்ல் லாங்கென்புக் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாக இப்பையை அகற்றினார். இன்றோ பெரும்பாலும் நான்கு சிறு துளைகளின் வழியே அச்சிகிச்சை முடிந்துவிடுகிறது. எனினும், எளிதில் முடிகிற காரியம் எல்லாம் செய்யத்தக்க காரியம் ஆகிவிடாது. அறுவைக்குப் பின்னர் சிலருக்கு வயிற்றுப்போக்கு நீடிக்கிறது. மிகச் சிலருக்குப் பித்தநாளம் காயமுற்று மறுபடியும் சஸ்திர சிகிச்சை வேண்டியிருக்கிறது. யாவற்றினும் வருந்தத்தக்கது, பை போன பின்னும் வலி போகாதிருத்தல்.

ஹைடா ஸ்கேனில் பித்தநீர் வெளியேற்றம் 38 சதவீதத்துக்குக் கீழே வருவதை வழக்கமாகக் குறைவு என்கிறார்கள். அக்குறைவோ யாதொரு உபாதையும் இல்லாதவரிடமும் காணப்படுவதுண்டு. ஆதலால் எண்ணுக்கு வலி சாட்சி சொல்லவேண்டும். மேல்வயிற்றின் நடுவிலோ வலப்புறத்திலோ எழுந்து, அரை மணிக்குக் குறையாமல் நிலைத்து, கைவேலையை நிறுத்தும் அளவுக்குக் கடுமையாகி, அமிலம் தணிக்கும் மாத்திரைக்கும் மலங்கழிப்பதற்கும் அடங்காமல், விட்டுவிட்டு வருவதே பித்தப்பை வலியின் லட்சணம். உப்புசமும் ஏப்பமும் மட்டுமே உள்ளவருக்கு அறுவையால் சுகம் கிட்டும் என்பது நிச்சயமில்லை.

எங்கள் வைத்தியர் அவசரப்படவில்லை. வலி வந்த நாளையும் நேரத்தையும், அன்று உண்டதையும் இரண்டு மாதம் குறித்துவரச் சொன்னார். அடுக்களைக் காலண்டரில் தாம் பென்சிலால் இட்ட ஏழு வட்டங்களும் அந்த லட்சணத்துக்குப் பொருந்தி நின்றதைக் கண்ட பிறகே, தமக்கையார் அச்சமின்றி அறுவைக்கு இசைந்தார்.

காய்ச்சலோ, மஞ்சட்காமாலையோ, இடைவிடாத வலியோ கண்டால் ஒரு பொழுதும் தாமதிக்கலாகாது. மற்றபடி, அறிக்கையிலுள்ள ஓர் எண்ணைக் கண்டு மிரண்டு சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட விரையும் அன்பர்கள், முதலில் தம் வலியை எழுதிவைத்து, அக்குறிப்பை வைத்தியர்முன் வைத்துக் கலந்துபேசிய பின்னரே முடிவு செய்யுமாறு வேண்டிக்கொள்கிறேன்.