கோதுமை ஆகாதவருக்கும் ஜப்பான் நூடுல்ஸ் உண்டு!

விடுதி அறையில் நள்ளிரவில் பசித்தால் முதலில் நினைவுக்கு வருவது நூடுல்ஸ்தான். 1958-ல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1983-ல் மேகி இந்தியாவுக்கு வந்தது. இன்று சிதம்பரத்தில் படிக்கிற மாணவர்கள் கைபேசியில் 'நருட்டோ' பார்த்துவிட்டு, அவன் ஆவி பறக்க உறிஞ்சுகிற ராமென் கிண்ணத்துக்காக ஏங்குகிறார்கள். ஏங்குவதில் தப்பில்லை. ஆனால் அவர்களில் ஒருவருக்குக் கோதுமையே ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால்?

அத்தோடு ராமென் ஆசைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தேவையே இல்லை. கடலூர் மாவட்டத்துச் சமையலறையிலேயே அதற்கு வழி இருக்கிறது. பயப்பட வேண்டிய இடம் வேறு!

ஆகாது என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்கிற புரதம் இருக்கிறது. பரோட்டா மாஸ்டர் மாவை விசிறி போல வீச முடிவது இதன் இழுவையால்தான். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். சாப்பிட்ட சத்து ஒட்டாது. வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, எடைக்குறைவு என்று வரிசையாக வரும். குளூட்டனை வாழ்நாள் முழுக்க விடுவதுதான் வைத்தியம். கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் தன் ஆய்வேட்டில் நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே.

"அது வடக்கத்தி வியாதி, நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். 23,331 பேரைச் சோதித்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. ரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தது வட இந்தியாவில் 100 பேருக்கு 1.23 பேரிடம், தென்னிந்தியாவில் 0.10 பேரிடம். ஆனால் இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருந்தது! பெரிய வித்தியாசம் தட்டில் தெரிந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம். ராத்திரி சப்பாத்தியும் பரோட்டாவும் வாடிக்கையாகிற ஊரில் இந்தக் கணக்கு எப்போதும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

எண்ணிக்கை குறைவு என்பதே இங்கே உள்ளவருக்குப் பெரிய தொல்லை. சுற்றியிருப்பவர் யாருக்கும் நோயின் பெயரே தெரியாது. "ஒரு சப்பாத்திதானே, என்ன ஆகிவிடும்?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். அந்த ஒரு சப்பாத்தி போதும், குடலைப் பதம் பார்க்க.

ஜப்பான் நூடுல்ஸில் எது ஆகும்?

ராமென், உடோன், சோமென் மூன்றும் கோதுமை. சோபா என்பது பக்வீட் என்கிற விதையின் மாவு. பெயரில் வீட் இருந்தாலும் அது கோதுமை இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் சோபாவில் பெரும்பாலும் கோதுமை மாவும் கலந்திருக்கும். நூற்றுக்கு நூறு பக்வீட் என்றால் அதற்கு 'ஜூவாரி' என்று தனிப்பெயர். ஷிராட்டாகி என்றொரு கிழங்கு நூடுல்ஸ் உண்டு. அந்தக் கொன்யாக்கு கிழங்கு வேறு யாருமில்லை, நம்மூர் சேனைக்கிழங்குக்குப் பங்காளி!

இவையெல்லாம் சிதம்பரம் கடைத்தெருவில் கிடைக்காது. இணையத்தில் வாங்கினால் மாணவரின் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு ஒரு பாக்கெட்டுக்குப் போய்விடும். எதற்கு? வீராணம் ஏரிப் பாசனத்தில் விளைகிற நெல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த அரிசியை மாவாக்கி, உரலில் போட்டுப் பிழிந்தால் வருவது என்ன? நூடுல்ஸ்தானே! இடியாப்பம் என்று பெயர் இருப்பதால் அது நூடுல்ஸ் இல்லை என்று ஆகிவிடுமா?

குழம்புக்கு என்ன செய்வது? ஜப்பானியர்களின் சூப்புக்கு அடிப்படை 'தாஷி' என்கிற சாறு. அதில் ஒரு வகையை நிபோஷி என்கிற காய்ந்த சிறு மீனில் எடுக்கிறார்கள். கடலூர் முதுநகர்ப் பக்கம் கருவாடு வாங்கிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்புக் குறைந்த நெத்திலிக் கருவாட்டைத் தலையும் வயிறும் கிள்ளி, அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் தாஷி தயார். சைவர்கள் காய்ந்த காளானை ஊறவைத்த தண்ணீரில் செய்யலாம். அதுவும் ஜப்பானிய முறைதான்.

அடுத்து சோயா சாஸ். பலர் சறுக்குவது இங்கேதான். வழக்கமான ஜப்பானிய சோயா சாஸ் சோயாவையும் கோதுமையையும் சேர்த்துப் புளிக்கவைத்தது. அரிசி நூடுல்ஸ்தானே என்று நம்பி அதில் இந்த சாஸை ஊற்றினால் எல்லாம் வீண். தமாரி என்ற வகையில் பெரும்பாலும் கோதுமை இருக்காது, ஆனாலும் லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். 'ஷியோ' ராமென் என்றாலே உப்பு ராமென். உப்பு, இஞ்சி, பூண்டு, மிளகு, மேலே ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் வெங்காயத்தாள் போதும்.

இடியாப்பம் கரைந்துவிடாதா?

நியாயமான கேள்வி. குளூட்டன் இல்லாததால் இழுவை கிடையாது. கொதிக்கிற சாற்றில் போட்டால் கஞ்சியாகிவிடும். ராமெனின் அந்த ரப்பர் போன்ற மெல்லும் சுகம் இதில் வராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஜப்பானியர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'ஜாரு சோபா' என்றால் ஆறிய நூடுல்ஸ் தனியாக, சாறு தனியாக. தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் தொட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு இதில் என்ன புதுமை? சூடாகத்தான் வேண்டும் என்றால், கடையில் விற்கிற காய்ந்த அரிசி சேவையை வேகவைத்து வடித்து, சாப்பிட உட்காரும்போது சாற்றை மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

உண்மையான ஆபத்து எங்கே?

அரிசி ஊர் என்று அலட்சியமாக இருப்பதில்தான். முதல் எதிரி பெருங்காயம்! கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பல சமயம் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அதனால் இட்லி ஆகும், அதற்கு ஊற்றுகிற சாம்பார் ஆகாமல் போகலாம். சிதம்பரத்துக் கொத்சுவில் கத்தரிக்காய் நல்லதுதான், அதைத் தாளித்த பெருங்காயம் எது என்று கேட்க வேண்டும். இரண்டாவது, மாவு மில். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன இயந்திரத்தில் அரிசியைப் போட்டால் மிச்ச மாவும் கூடவே வரும். மூன்றாவது, பரோட்டா கொத்துகிற அதே கல்லில் கொத்துகிற இடியாப்பம். குளூட்டன் இல்லாதது என்று ஒரு பாக்கெட்டில் எழுத, சட்டப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அந்தக் கல்லுக்கு எந்த லேபிள் ஒட்டுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடை குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கோதுமையை விடுகிற நாகரிகமும் பரவியிருக்கிறது. சந்தேகம் உள்ளவர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அதுவும் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே. நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் சோதனையில் தெரியாமல் போகலாம். அதோடு, நாகரிகத்துக்காக விட்டவர் வாரம் ஒருநாள் பரோட்டா சாப்பிடுவதைப் பார்க்கிற சமையல்காரர், நிஜமான நோயாளி வந்து கேட்கும்போதும் "பந்தா பண்ணுகிறான்" என்றுதான் நினைப்பார்.

விடுதி மெஸ்ஸும் ஹோட்டல்களும் செய்ய வேண்டியது பெரிய செலவு வைக்கிற காரியம் இல்லை. ஒரு தனிப் பாத்திரம், ஒரு தனிக் கரண்டி, மாவு கலக்காத பெருங்காயம், "இதில் கோதுமை இருக்கிறதா?" என்ற கேள்விக்கு முகம் சுளிக்காத ஒரு பதில். சப்பாத்தி இரவன்று அந்த ஒரு மாணவருக்கு நாலு இடியாப்பம் தனியாக எடுத்துவைப்பது சலுகை இல்லை, அதுதான் அவருக்கு மருந்து. அதைத் தொட்டுக்கொள்ள நெத்திலிச் சாறும் கிடைத்துவிட்டால் நருட்டோவைப் பார்த்து அவர் ஏன் ஏங்கப் போகிறார்?