கைதட்டியவனுக்குக் கணக்குத் தெரியாதா?

எம்.ஜி.ஆரைப் பற்றி யார் கட்டுரை எழுதினாலும் மூன்றாவது பத்தியில் ஒரு ரசிகன் வந்து நிற்பான். நெசவாளி, ரிக்‌ஷாக்காரர், மீனவர் என்று ஏதோ ஒரு தொழில் அவனுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். பெயர் இருக்காது. கட்டுரை முடியும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டான். அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஏமாறுவது. அவன் ஏமாந்தால்தான் எழுதியவர் ஏமாறாதவர் ஆகமுடியும்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், நடிகர் விஜயின் அரசியல் கூட்டத்து நெரிசலில் 41 பேர் இறந்தபிறகு இந்த ரசிகனுக்கு மறுபடியும் வேலை வந்துவிட்டது. தமிழன் திரையைப் பார்த்தே கெட்டான், எம்.ஜி.ஆர். காலத்திலிருந்தே இந்தக் கண்மூடித்தனம்தான் என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் இருந்ததா, வெளியேற வழி இருந்ததா, எத்தனை மணி நேரம் நிற்கவைத்தார்கள், அந்த இடத்தை யார் கேட்டார்கள், யார் கொடுத்தார்கள் என்பவையெல்லாம் ஏற்பாட்டாளர்களிடமும் காவல்துறையிடமும் கேட்கவேண்டிய கேள்விகள். அவற்றை விட்டுவிட்டு, செத்தவர்களின் மனநிலையை ஆராய உட்கார்ந்தால் வேலை சுலபம்தான். செத்தவர்கள் மறுப்பு எழுதமாட்டார்கள்.

இந்த வாதத்தின் பெரிய மூலநூல் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் 'பிம்பச் சிறை' என்று தமிழில் வந்த புத்தகம். பாண்டியனை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சாராயத்தின் மீதும் விற்பனையின் மீதும் போட்ட வரி ஏழையின் மடியில் கைவைத்தது, பலன் மேலே இருந்தவர்களுக்குப் போனது என்று அவர் காட்டியதை இன்றுவரை யாரும் ஒழுங்காக மறுக்கவில்லை. நானும் மறுக்கப்போவதில்லை. அவர் அடுத்து வைக்கும் அடிதான் சறுக்கல். இவ்வளவு கெடுதல் செய்தவரை இவ்வளவு பேர் நேசித்தார்கள் என்றால் திரை பிம்பத்துக்குள் அவர்கள் சிறைப்பட்டிருந்தார்கள் என்கிறார். அந்தச் சிறையைக் கட்டுவதற்குப் படங்கள், பாட்டுகள், பிரசுரங்கள், வாழ்க்கை வரலாறுகள், இத்தாலிய மார்க்சியர் கிராம்சியின் கோட்பாடு எல்லாம் கொண்டுவருகிறார். கைதி என்று சொல்லப்படுகிறவன் வாய் திறக்கும் இடம் மிகக் குறைவு. பாண்டியனாவது உழைத்து எழுதினார். இன்று அவரை எதிரொலிப்பவர்கள் அட்டையோடு நிறுத்திக்கொண்டவர்கள்.

பிம்பம் சிறை என்றால் அதன் கதவுகள் முதலில் காஞ்சிபுரத்தில் சாத்தியிருக்க வேண்டும். அண்ணா பிறந்த ஊர். 1942-ல் 'திராவிட நாடு' வாரஇதழ் கிளம்பிய ஊர். மேடையும் நாடகமும் அரசியலும் ஒன்றாகவே வளர்ந்த ஊர். அண்ணாவே அரிதாரம் பூசியவர்தான். 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் காகபட்டராக நடித்தார். 1953-ல் கைத்தறி நெசவு நொடித்தபோது தி.மு.க.வினர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் விற்கக் கிளம்பினார்கள், அண்ணாவும் விற்றார். நெசவாளர் வீட்டில் பிறந்தவர் நெசவாளருக்காகச் செய்த காரியம். இவ்வளவும் இருந்தும் 1962 தேர்தலில் சொந்த ஊரான காஞ்சிபுரம் அவரைத் தோற்கடித்தது. அப்போது எம்.ஜி.ஆர். 'நாடோடி மன்னன்' கொடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதே தேர்தலில் தி.மு.க.வுக்குப் பிரசாரம் செய்தவர் அவர். திரையில் அவருக்கு விசில் அடித்தவர்களும், அண்ணா பேச்சைக் கேட்க விடியவிடிய உட்கார்ந்தவர்களும் நிறைந்த ஊர் வாக்குச்சாவடிக்குப் போய்க் காங்கிரசை ஜெயிக்கவைத்தது. அந்த முடிவு சரியா தப்பா என்பது வேறு விஷயம். மயங்கியவர்கள் போட்ட ஓட்டு அது இல்லை.

ஒரு நெசவாளியை மயங்கியவன் என்று சொல்வதற்கு முன் அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுக்குள் போனால் குழிக்குள் காலை விட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் கோர்வை. அதற்கு மூன்று நாடா, பக்கத்தில் கைத்துணைக்கு ஓர் ஆள். மனைவியாக இருக்கும், முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டுவந்த பையனாக இருக்கும். சங்கமோ முதலாளியோ பட்டையும் ஜரிகையையும் நிறுத்துத்தான் கொடுப்பார்கள். சேலை முடிந்து போகும்போது திரும்பவும் தராசு. எடை குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். முன்பணம் வாங்கியவருக்கு அதிலும் பிடித்தம் உண்டு. இப்படி ஆயுள் முழுக்க கிராம் கணக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவருக்குத்தான் கணக்குத் தெரியாது என்கிறார்கள்.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திருக்கழுக்குன்றத்தில் பேசியதும் கணக்குத்தான். கட்சிக்காரர்கள் சொத்துக் கணக்கைக் காட்டவேண்டும் என்றார். அதற்காகவே கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், அ.தி.மு.க. பிறந்தது. அது காஞ்சிபுரம் இருந்த அதே செங்கல்பட்டு மாவட்டம். அந்தப் பேச்சு தறிக்காரர் வீட்டில் ஏன் எடுபட்டது என்று புரிந்துகொள்ள எனக்கு கிராம்சி தேவைப்படவில்லை.

அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. 'பிள்ளையோ பிள்ளை' படத்தில் மு.க. முத்து கதாநாயகனாக இறக்கப்பட்டார். நடை, உடை, தலைமுடி எல்லாம் எம்.ஜி.ஆர். பாணி. அவர் பெயரில் மன்றங்களும் திறக்கப்பட்டன. பின்னால் ஆட்சி இருந்தது, கட்சி இருந்தது, கலைஞரின் மகன் என்ற பெயர் இருந்தது. பிம்பம் என்பது பணமும் ஆளும் இருந்தால் செய்துவிடக்கூடிய சரக்கு என்றால் அது விற்றிருக்க வேண்டும். விற்கவில்லை. ரசிகன் பார்த்தான், சிரித்தான், போய்விட்டான். இந்த இடம் வந்தாலே பிம்பக் கோட்பாட்டாளர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

1979–80-க்கு வருவோம். என் வழக்கு முழுக்க இங்கேதான் இருக்கிறது. 1979 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் ஆணை போட்டது. ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் இருக்கும் குடும்பத்துக்குப் பிற்படுத்தப்பட்டோர் சலுகை கிடையாது. காஞ்சிபுரத்தில் தறி ஓட்டுகிற செங்குந்தரும் பிற்படுத்தப்பட்டவர்தான். பொருளாதார அளவுகோல் என்று பட்டணத்துப் படித்தவர்கள் பாராட்டினார்கள். 1980 ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க. ஜெயித்தது இரண்டில். கோபிச்செட்டிப்பாளையமும் சிவகாசியும் தவிர மற்ற எல்லா இடத்திலும் புரட்சித் தலைவர் அணி மண்ணைக் கவ்வியது. அந்த ஜனவரியில் அவர் முகம் மாறிவிட்டதா? பழைய படங்கள் கொட்டகைக்கு வருவது நின்றுவிட்டதா? இலங்கை வானொலியில் அவர் பாட்டு ஒலிக்கவில்லையா? எல்லாம் அப்படியேதான் இருந்தன. மாறியது அந்த ஆணை ஒன்று. எதிரே தி.மு.க.வும் காங்கிரசும் கைகோத்திருந்தன என்பதும் காரணம்தான், மறைக்கவில்லை. ஆனால் தோல்வி எதைச் சொல்கிறது என்று எம்.ஜி.ஆருக்கே தெரிந்திருந்தது. வருமான வரம்பை எடுத்தார். பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டை 31-லிருந்து 50 சதவீதமாக ஏற்றினார். பிப்ரவரியில் டெல்லி அவர் ஆட்சியைக் கலைத்தது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அவர் கட்சிக்கு 129 இடம்.

ஆட்சிக் கலைப்பால் வந்த அனுதாபம் என்பார்கள். இருக்கட்டும். ஐந்து மாதத்தில் அடித்து, திருத்தி, திரும்பச் சேர்த்துக்கொண்ட வாக்காளரில் பாதிப்பேராவது அவர் ரசிகர்களாக இருந்திருப்பார்கள். சிறைக்குள் இருப்பவன் சிறையதிகாரியைத் திருத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. 1986-ல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருக்கும்போதே, பெரும்பாலான நகராட்சிகளைத் தி.மு.க. எடுத்துக்கொண்டது. அதுவும் மயக்கத்தில் நடந்ததா?

எம்.ஜி.ஆரின் சத்துணவைப் பிம்பக் கோட்பாட்டாளர்கள் இரண்டு வரியில் தள்ளிவிடுவார்கள், ஏழையிடம் வாங்கிய வரியில் ஏழைக்கே போட்ட சோறு என்று. வாதமாகச் சரிதான். ஆனால் வரி எல்லா ஆட்சியிலும் வாங்கினார்கள். அதில் ஒரு பகுதி சோறாகிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை தட்டில் விழுந்தது இவ்வளவு விரிவாக 1982-லிருந்துதான். கோர்வைக்குப் பிள்ளையை உட்காரவைத்த வீட்டில் அந்தத் தட்டுக்கு என்ன மதிப்பு என்று அந்த அம்மாவுக்குத் தெரியும்.

எனக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். இறந்தபோது சுமார் முப்பது பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பாண்டியன் புத்தகத்தைத் தொடங்குவதே அங்கேதான். அந்தச் சாவுகளை நான் நியாயப்படுத்தமாட்டேன். அவற்றைத் தியாகம் என்று மேடையில் சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டும். ஆனால் கோடிக்கணக்கானவர்களில் முப்பது பேரை எடுத்து மீதிப்பேரின் மனதை அளப்பது எந்த ஊர் நியாயம்? 1969 பிப்ரவரியில் அண்ணாவின் கடைசி ஊர்வலத்தில் சென்னை கொள்ளாத கூட்டம். அழுதவர்கள், மயங்கி விழுந்தவர்கள், ரயில் கூரையில் ஏறிவந்து செத்தவர்கள் அதிலும் உண்டு. அதை மக்கள் அன்பு என்றுதான் எல்லாரும் எழுதினார்கள், நானும் அப்படித்தான் எழுதுவேன். பதினெட்டு வருஷம் கழித்து அதே தெருவிலிருந்து அதே ஜனங்கள் அழுதுகொண்டு போனால் மட்டும் அது நோயாகிவிடுமா?

1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் நடந்ததைப் பாருங்கள். எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே 1984-ல் ஜெயித்த தொகுதி ஆண்டிபட்டி. அங்கே அவர் மனைவி ஜானகி நின்றார், தோற்றார். அவரோடு கூட்டு வைத்த சிவாஜி கணேசன், தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊரிலும் மன்றம் வைத்திருந்த மகாநடிகர், திருவையாற்றில் தோற்றார். சிவாஜி படத்துக்குத் திருவையாற்றில் கூட்டம் குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. நடிப்புக்குக் கைதட்டல், அரசியலுக்கு வேறு தராசு என்று ரசிகன் பிரித்துவைத்திருந்தான்.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தைப் பார்த்து, மகளின் கல்யாணச் சேலைக்காகப் பட்டிழை திருடும் நெசவாளிக்காக உருகி விமர்சனம் எழுதியவர்கள் இதே கூட்டம்தான். திரையில் இருக்கும் நெசவாளிக்கு மனசாட்சி, தவிப்பு, அரசியல் எல்லாம் உண்டு. திரைக்கு முன்னால் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கு மட்டும் மூளை கிடையாது.

அடுத்த கட்டுரைக்கு உட்காரும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் இரண்டு மணி நேரம். அங்கே போய், பழைய எம்.ஜி.ஆர். மன்றத்துக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்து, 1980 ஜனவரியில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள், மே மாதம் யாருக்குப் போட்டீர்கள், ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அதை அச்சிட்டுவிட்டு அவர் மயக்கத்தைப் பற்றிப் பேசலாம்.