ஆற்றினுள் கிடக்கும் இடிபாடுகள்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் இலங்கையைத் தாக்கிய தித்வா புயலின் வெள்ளத்தினால் பாலங்கள் பல உடைந்தன. உடைந்த பாலத்தை மீளக் கட்டுவதில் எல்லோரும் அக்கறை கொள்வர். அதன் சிதைவுகள் ஆற்றினுள் கிடப்பதைப் பற்றிக் கவலை கொள்வோர் சிலரே.

அடுத்த வெள்ளம் அவற்றை அடித்துச் செல்லும் என்று கருதுவது தவறாகும். மரக்குற்றிகள் செல்லலாம், ஆயின் அவை கீழேயுள்ள அணைக்கட்டிலோ மதகிலோ போய் அடைத்துக்கொள்ளும். கொங்கிறீற்றுத் துண்டுகளும் இரும்புத் தீராந்திகளும் எளிதில் அசையா. சேர்பியாவின் பிராகோவோ என்னும் ஊரருகே தன்யூப் ஆற்றில் ஜேர்மானியர் 1944இல் தாமே மூழ்கடித்த கப்பல்கள், 2022ஆம் ஆண்டு வரட்சியில் நீர் குறைந்தபோது வெளித்தோன்றின. 78 ஆண்டு வெள்ளங்களாலும் அவை அகலவில்லை. 2024இலேதான் அவற்றுட் சிலவற்றை அகற்றும் வேலை தொடங்கிற்று.

ஆற்றின் நடுவே ஒரு பெருந்தடை கிடப்பின், குப்பையும் கிளைகளும் அதிற் சிக்கிச் சேரும். மேற்புறத்தில் நீர்மட்டம் உயர்ந்து தாழ்ந்த வயல்களில் நீர் தேங்கும், இளநாற்று அழுகும். விலகிப் பாயும் நீரோ கரையை அரித்து, அங்குள்ள மரக்கறித் தோட்டத்தையும் கொண்டுபோகும். நட்டமடைபவர் கமக்காரரே.

ஆகவே, சிறுபோகத்தில் ஆறு வற்றியிருக்குங் காலத்திலேயே கமக்கார அமைப்புகள் தத்தம் எல்லையிலுள்ள தடைகளைப் பார்வையிட்டு, இடம், அளவு, பொருள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டிற் குறித்தல் வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் அப்பதிவேடு திருத்தப்படல் வேண்டும். அதன் பிரதியைக் கமநல சேவை நிலையத்துக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் கொடுத்து, காலபோக மழைக்கு முன் தடைகளை அகற்றும்படி கேட்டல் தகும். புதிய பாலம் கட்டும் ஒப்பந்தத்திலேயே பழைய பாலத்தின் சிதைவுகளை அகற்றும் வேலையும் சேர்க்கப்படுவதே நியாயமாகும்.

பாரிய துண்டுகளைக் கமக்காரர் தாமே இழுக்க முயலுதல் ஆபத்தானது. அகற்றிய பொருளைக் கரையிற் குவித்தலும் பயனற்றது. அடுத்த வெள்ளத்தில் அது மீண்டும் ஆற்றுக்கே போகும். துப்புரவு செய்கிறோம் என்று கரையில் வேரூன்றி நிற்கும் மருத மரங்களைத் தறித்தலுமாகாது. அவற்றின் வேர்களே கரையைக் காப்பன.

வாய்க்காலைத் துப்புரவு செய்வது தம் கடனென்பதை அறிந்த கமக்காரர், அவ்வாய்க்காலுக்கு நீரளிக்கும் ஆற்றைப் பிறர் பொறுப்பென்று விட்டுவிடலாகாது.