நுண்செயலிப் போட்டியும் எம்மவர் முதலீடும்

சேவையகக் கணினிகளுக்கான நுண்செயலிச் சந்தையில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் நடத்தும் போட்டி யாழ்ப்பாணத்து வாசகருக்குத் தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உழைக்கும் எம் உறவுகளின் ஓய்வூதிய நிதிகள் இத்தகைய பங்குகளிலும் இடப்படுகின்றன. இந்நிறுவனங்களின் இரகசியங்களை முன்கூட்டியே பெற்றுப் பங்கு வணிகம் செய்து சிறை சென்றவரும் ஓர் இலங்கைத் தமிழரே.

2006 இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தை ஏ.எம்.டி. வாங்கவிருந்ததை ஆலோசகர் ஒருவர் வாயிலாக அறிந்து இலாபமீட்டினார் ராஜ் ராஜரத்தினம். 2009 ஒக்டோபரில் அவர் கைதானதும் கொழும்புப் பங்குச் சந்தையே சரிந்தது. 2011 இல் அவருக்கு 11 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

உள்வீட்டுத் தகவலின்றி முதலிட முடியாது என்ற எண்ணம் எம்மவரிடையே இன்றும் உண்டு. தொலைபேசியில் வரும் 'நல்ல செய்தி'யை நம்பிப் பங்கு வாங்குவோரை நாம் அறிவோம். உண்மையோ வேறு. 2015 இல் ஏ.எம்.டி. பங்கு இரண்டு டொலருக்கும் கீழே கிடந்தது. 2017 இல் அது வெளியிட்ட 'எபிக்' சேவையக நுண்செயலி சந்தையைப் பிடிக்கப் பல ஆண்டுகள் சென்றன. அவ்வளவு காலமும் காலாண்டு அறிக்கைகள் எவருக்கும் கிடைத்தன. தனது 7 நனோமீற்றர் உற்பத்தி தாமதமாகும் என்பதை 2020 யூலையில் இன்டெலே பகிரங்கமாக அறிவித்தது. அதன் பின்னரும் பங்கிலாபத்துக்காகக் காத்திருந்தோருக்கு, 2024 இல் அதுவும் நிறுத்தப்பட்டது.