கட்டுரைகளை எண்ணாமல், படித்துப் பார்த்து எடுங்கள்

நம் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் பல, தொழில் உத்தித் துறைக்கு, அதாவது ஸ்ட்ராட்டஜி பாடத்துக்கு, உதவிப் பேராசிரியர் எடுக்கும்போது முதலில் பார்ப்பது விண்ணப்பதாரரின் கட்டுரை எந்த ஆய்விதழில் வந்தது என்பதைத்தான். லண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸின் 50 இதழ்ப் பட்டியலில் இருக்கிறதா, ஆஸ்திரேலிய வணிகப் புல முதல்வர்கள் கவுன்சிலின் பட்டியலில் ‘ஏ ஸ்டார்’ தரமா, வெறும் ‘ஏ’யா என்று பார்த்து மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். முதல் பட்டியல், கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்த அந்த நாளிதழ் வைத்திருப்பது. முனைவர் பட்டம் முடித்த கையோடு வரும் ஒருவரை அளக்க அது உதவாது. அந்தக் கட்டத்தில் கையில் இருப்பது ஒன்றிரண்டு கட்டுரைகள். பெரும்பாலும் நெறியாளரின் பெயரும் சேர்ந்திருக்கும். நல்ல இதழ் ஒன்று கட்டுரையைப் பலமுறை திருத்தச் சொல்லி, அச்சேற்றுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். ஆக, மதிப்பெண் அளப்பது பாதிக்கு மேல் நெறியாளரின் செல்வாக்கை. நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கித் தரவு திரட்டியவர் பின்தங்கிவிடுகிறார்.

இந்தத் துறையில் இதன் சேதம் இன்னும் அதிகம். அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனங்களின் கணக்குகளும் காப்புரிமைப் பதிவுகளும் தயாராகக் கிடைக்கின்றன; அவற்றை வைத்து எழுதினால் வேலை விரைவில் முடியும். நம் குடும்பத் தொழில்களையும் சந்தைக்கு வராத நிறுவனங்களையும் ஆராய அப்படி வசதி கிடையாது. ஆனால் துறையின் போக்கை மாற்றிய சில கருத்துகள் இங்கிருந்தே எழுந்தன. ஒரே தொழிலில் கவனம் செலுத்து என்ற அறிவுரை கோலோச்சிய காலத்தில், மூலதனச் சந்தையும் ஒப்பந்தச் சட்டமும் பலவீனமான நாடுகளில் பல தொழில்களில் இறங்கிய குழுமங்களே அந்தக் குறையை ஈடுகட்டலாம் என்று 1997-இல் ஆய்வாளர்கள் தருண் கன்னாவும் கிருஷ்ண பாலேபுவும் வாதிட்டார்கள். டாட்டா போன்ற குழுமங்கள் அவர்கள் கண்முன் இருந்தன. கோவையில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே.பிரகலாத், ஏழைகளைச் சந்தையாகப் பார்க்கச் சொன்ன 2004-ஆம் ஆண்டு நூலில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்காட்டாக வைத்தார். அவர் பெயர் பெற்ற பிறகு எழுதிய நூல் அது. வேலை தேடும் வயதில் இத்தகைய கேள்வியைத் தொடும் துணிவு இன்றைய தேர்வு முறையில் யாருக்கு வரும்?

பட்டியலை விட்டால் சிபாரிசு புகுந்துவிடும் என்பார்கள். நம் நாட்டில் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதற்கு மருந்து, வெளியிலிருந்து இரண்டு பேர், நெறியாளர் யாரென்று தெரியாமல் கட்டுரையைப் படித்து, நேர்காணலுக்கு முன்பே கருத்தை எழுதிக் கோப்பில் வைப்பது. ஆய்விதழின் செல்வாக்கு எண்ணைத் தனிமனிதரை மதிப்பிடும் அளவுகோலாக்கக் கூடாது என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய 2012-ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பிரகடனமே சொல்கிறது. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிக்க நேரமேது என்றும் கேட்கலாம். பத்துப் பேராக வடிகட்டிய பிறகு ஆளுக்கு ஒரு கட்டுரை படித்தால் போதும். எடுக்கப்படுபவர் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தப் போகிறவர். ஆய்வுரையின்போது, புள்ளியியல்படி வலுவானது என்று அட்டவணையில் மூன்று நட்சத்திரம் போட்ட எண்ணைக் காட்டி, “இதற்கு நேர்மாறாக நடந்த ஒரு நிறுவனம் உங்கள் தரவில் உண்டா, அங்கே என்ன நடந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். களத்துக்குப் போனவருக்குப் பதில் தங்குதடையின்றி வரும். அடுத்த விளம்பரத்திலேயே இதைத் தொடங்கலாம்: உங்கள் சிறந்த ஒரே ஒரு கட்டுரையை அனுப்புங்கள், இதழின் தரத்தைக் குறிப்பிட வேண்டாம்.