விடைத்தாள் திருத்தும் வாசகர்கள்

ரோரி பவரின் 'வைல்டர் கேர்ள்ஸ்' 2019 ஜூலையில் வெளியான நாவல். இளையோருக்கான கொள்ளைநோய்த் திகில்கதை என்ற வகையில் வைக்கப்படுவது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் ஒரு தீவு; அதில் ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளி. 'டாக்ஸ்' என்று அழைக்கப்படும் நோய் முதலில் ஆசிரியைகளைக் கொல்கிறது. பிறகு மாணவியரின் உடல்களை உருமாற்றுகிறது. ஒருத்தியின் கண் மூடி ஒட்டிக்கொள்கிறது. இன்னொருத்திக்கு இரண்டாவது முதுகெலும்பு முளைக்கிறது. கதை தொடங்கும்போது அவர்கள் தனிமைப்படுத்தப்பட்டு ஒன்றரை ஆண்டுகள் ஆகின்றன. கடற்படை உணவு அனுப்புகிறது. மருந்து வரும், காத்திருங்கள் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் ஒரே செய்தி.

இந்நாவலைப் பற்றிய வாசகர் கருத்துகளில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. நோயின் காரணம் முழுமையாக விளக்கப்படவில்லை. மருந்து உண்டா என்று தெரியவில்லை. பெண்களின் கதி என்னவென்று சொல்லாமலே கதை நின்றுவிடுகிறது. ஆகவே இது முடிக்கப்படாத நாவல் என்கிறார்கள். மொழியையும் சூழலையும் மனமாரப் பாராட்டியவர்களிலும் சிலர் கடைசி வரியில் இத்தீர்ப்பையே எழுதுகிறார்கள். நாங்கள் இதை ஏற்கவில்லை.

நாவலில் குறையே இல்லை என்று வாதிட வரவில்லை. கடைசிப் பகுதி அவசரமாக ஓடுகிறது. முந்தைய அத்தியாயங்களின் நிதானம் அங்கே இல்லை. இதைச் சொல்லும் வாசகரோடு எங்களுக்குப் பிணக்கில்லை. ஆனால் வேகம் கெட்டது என்பது ஒன்று. விடை தரவில்லை என்பது முற்றிலும் வேறொன்று. முன்னது கலையைப் பற்றிய விமர்சனம். பின்னது விடைத்தாள் திருத்துபவரின் கோபம்.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஃபீவர் 1793' நாவலை இங்கே நினைவுகூர்வோம். 2000இல் வெளியான அதுவும் இளையோருக்கான கொள்ளைநோய்க் கதைதான். 1793இல் பிலடெல்பியாவில் பரவிய மஞ்சள் காய்ச்சல் சில மாதங்களில் சுமார் 5,000 பேரைக் கொன்றது. எதனால் சாகிறோம் என்பது அவர்களில் எவருக்கும் தெரியாது. புகழ்பெற்ற மருத்துவரான பெஞ்சமின் ரஷ் நோயாளிகளின் இரத்தத்தை வடித்தே குணப்படுத்த முனைந்தார். நோயைப் பரப்புவது கொசு என்று கார்லோஸ் ஃபின்லே முன்வைத்தது 1881இல். வால்டர் ரீடின் குழு கியூபாவில் அதை உறுதிசெய்தது 1900இல். நூறாண்டுகளுக்கும் மேல் தாமதமாக வந்த விடை அது. அக்கதையின் சிறுமி மேட்டிக்கும் காரணம் தெரியாது. ஆயினும் அதை ஒரு குறையாகச் சொன்ன வாசகரை நாங்கள் கண்டதில்லை. ஏன்? விடை ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. பாத்திரத்தின் அறியாமையை நாம் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்க்கிறோம், இரக்கப்படுகிறோம்.

'வைல்டர் கேர்ள்ஸ்' அந்தத் தொலைவைப் பறித்துவிடுகிறது. அதுவே அதன் குற்றம் போலும்! கப்பலில் வரும் உணவில் ஒரு பகுதி கடலில் எறியப்படுவதைக் காணும் ஹெட்டியிடம், இதை மற்றவர்களுக்குச் சொல்லாதே என்கிறார்கள். இந்நாவலின் கரு நோய் மட்டுமன்று. நோயாளிகளுக்கு எதை, எவ்வளவு சொல்லலாம் என்று வேறு யாரோ முடிவு செய்வதும்தான். அப்பெண்களுக்கு மறுக்கப்பட்டதை வாசகருக்கு மட்டும் கடைசி அத்தியாயத்தில் தாராளமாக வழங்கியிருந்தால், ஆசிரியரும் கடற்படையின் பக்கம் போய் நின்றிருப்பார்.

இளையோர் படிக்கும் நூல், ஆகவே ஆறுதலோடு முடிய வேண்டும் என்பார்கள். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு, எப்போது திறக்கும் என்று எந்தப் பெரியவரால் பதில் சொல்ல முடிந்தது? கோவிட் எங்கிருந்து தோன்றியது என்ற வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. விடையின்றி வாழ்வது எப்படி என்பதை அப்பிள்ளைகள் நம்மோடு சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள். அவர்களால் தாங்க முடியாது என்று அவர்கள் சார்பில் நாம் முடிவு செய்வது, அந்தத் தீவுப் பள்ளியின் பெரியவர்கள் செய்த அதே காரியம்.

நாவல் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. முடிக்கப்படவில்லை என்று சொல்லுமுன் கடைசி அத்தியாயத்தை இன்னொருமுறை படியுங்கள் என்றே கேட்கிறோம்.